பெயருக்குத் தூரிகை, விலைக்குச் சாதா எழுத்து

புனேயில் கிராஃபிக் டிசைனர் வேலை தேடி வரும் நம் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவைப் புரட்டினால் காபிக் கடை லோகோ இருக்கும், டி-ஷர்ட் இருக்கும், இன்ஸ்டாகிராம் விளம்பரம் இருக்கும். எல்லாவற்றிலும் ஓர் ஆங்கிலப் பெயர், தூரிகையை வீசி எழுதினாற்போன்ற பிரஷ் ஃபான்ட்டில். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மராத்திப் பெயர் மட்டும் ஒன்றுகூட இருக்காது. கடைகளுக்குப் போர்டும் மெனுவும் பாக்கெட்டும் செய்து தருகிற சின்ன ஸ்டுடியோக்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

காரணம் ரசனை மட்டுமல்ல, சட்டமும்கூட. மகாராஷ்டிரக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2017-இல் வந்தது. 2022-இல் செய்த திருத்தத்தின்படி, பத்துப் பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் கடை உட்பட எல்லாக் கடைகளின் பெயர்ப்பலகையிலும் பெயர் மராத்தியில், தேவநாகரி எழுத்தில் இருக்க வேண்டும். கூடவே வேறு மொழியிலும் எழுதலாம். ஆனால் மராத்தி எழுத்து மற்றதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இரண்டு மாதத்துக்குள் பலகைகளை மாற்றும்படி வியாபாரிகளுக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்று விகிதம் இருப்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் அழகாக நிற்கும் ஃபான்ட் இந்த ஊரில் பாதி வேலைதான் செய்யும். தேவநாகரி பக்கத்தில் ஆங்கிலத்தை முறைத்துக்கொள்ளாமல் உட்கார வைக்கத் தெரிந்தவரை விட மாட்டார்கள். அதைக் கற்றுக்கொள்வது எப்படி, எங்கே பிரஷ் எழுத்தைக் கையாள வேண்டும், எங்கே தொடவே கூடாது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

போர்டு பெயிண்டரின் கை

பிரஷ் ஃபான்ட் என்பது போர்டு எழுதும் பெயிண்டரின் கையை அச்சுக்குக் கொண்டுவர நடந்த முயற்சி. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்மித் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' 1942-இல் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் பீட்டர் டோம்ப்ரெஸியனின் 'டோம் கேஷுவல்'. 1953-இல் பிரான்ஸின் ரொஜே எக்ஸ்கோஃபோன் வரைந்த 'மிஸ்த்ரால்'. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு குடும்பங்கள் தெரியும். ஒன்றில் எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடும். இன்னொன்றில் தனித்தனியாக நிற்கும், ஆனால் அடிக்கோட்டில் சமமாக நிற்காமல் சற்றே துள்ளும். இன்று நாம் 'கேஷுவல் பிரஷ்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது குடும்பத்தைத்தான்.

மகாராஷ்டிரத்தில் இந்தக் கைக்கு வேறு வரலாறு உண்டு. மராத்தி நாடகங்களுக்குப் பத்திரிகை விளம்பரத்தில் தலைப்பு எழுதியே ஒரு பாணியை உண்டாக்கியவர் கமல் ஷெட்கே. 2020-இல் காலமானார். நாடகம் சரித்திரமா, குடும்பக் கதையா, சிரிப்பா என்பது அவர் எழுத்தின் வளைவிலேயே தெரிந்துவிடும். நம் தீபாவளி மலர்போல மராத்தியில் 'திவாளி அங்க்' உண்டு. 1909-இல் 'மனோரஞ்சன்' இதழ் தொடங்கி வைத்த வழக்கம் அது. அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகளில் பழைய அங்க்குகள் கிடைத்தால் அட்டை எழுத்துக்காகவே விடாதீர்கள். நம் வார இதழ்களில் ஓவியர்களே சிறுகதைத் தலைப்பை எழுதிய காலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அட்டைகள் உடனே பழகிவிடும்.

இன்று இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்டுகளில் இந்த மரபுக்கு நெருங்கியது என்று நான் சொல்வது 'யாத்ரா ஒன்'. கேத்தரின் லீ ஷ்மிட் வடிவமைத்தது. மும்பை லோக்கல் ரயில் நிலையங்களில் பெயிண்டால் எழுதிய பலகைகளைப் பார்த்து, தட்டைத் தூரிகை எப்படி இழுபடுமோ அப்படியே தேவநாகரியை வரைந்திருக்கிறார். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருமொழி ஃபான்ட்டுகள் பலவற்றில் ஆங்கிலம் முதலில் பிறக்கும், இந்திய எழுத்து அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். இதில் தலைகீழ். தேவநாகரிதான் மூத்தது, ஆங்கில எழுத்துகள் அதன் சாய்வையும் முனை வெட்டையும் வாங்கிக்கொண்டன.

இது ஏன் முக்கியம்? தேவநாகரிக்கு நாணல் பேனாவை வெட்டும் சாய்வும் ஆங்கிலத்துக்கு வெட்டும் சாய்வும் எதிரெதிர். அதனால் எழுத்தின் தடித்த பகுதி தேவநாகரியில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் மறுபக்கமும் விழும். எங்கோ பிடித்த ஆங்கில பிரஷ் ஃபான்ட்டையும் எங்கோ பிடித்த தேவநாகரி ஃபான்ட்டையும் ஒரே பலகையில் வைத்தால் ஏதோ உறுத்துகிறதே என்று தோன்றும். உறுத்துவது இந்தச் சாய்வுதான். கடைக்காரருக்கு அதைச் சொல்லத் தெரியாது. 'நல்லா இல்லையே' என்பார். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு டீக்கடைப் பலகை

புனேக்கே உரிய டீக்கடைகளுக்கு 'அம்ருத்துல்யா' என்று பெயர். ஏலக்காயும் இஞ்சியும் போட்டு, பித்தளைப் பாத்திரத்தில் கொதிக்க வைத்த டீ. தெருவுக்குத் தெரு பார்க்கலாம். போர்ட்ஃபோலியோவுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் இந்தச் சொல்லையே எடுங்கள். பிரஷ் எழுத்தின் எல்லாச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது.

தேவநாகரியில் இது ஐந்து துண்டு: அ, ம்ரு, த, து, ல்ய. முதல் சிக்கல், நடுவில் அடுத்தடுத்து வரும் இரண்டு 'த'. கையால் எழுதும் பெயிண்டர் இரண்டையும் ஒரேபோல எழுதவே மாட்டார். இரண்டாவதன் வால் கொஞ்சம் நீளும், அல்லது தூரிகையில் பெயிண்ட் குறைந்து ஓரம் வறண்டிருக்கும். ஃபான்ட்டிலோ இரண்டும் அச்சடித்தாற்போல ஒன்று. பார்ப்பவர் கண் அங்கேதான் 'இது கை எழுத்து இல்லை' என்று கண்டுபிடிக்கும். ஆங்கிலத்தில் எழுதினாலும் அதே கதை, நடுவில் இரண்டு 'டி', அவற்றுக்கு இருபுறமும் இரண்டு 'யு'.

நல்ல பிரஷ் ஃபான்ட்டுகளில் ஒரே எழுத்துக்கு இரண்டு, மூன்று மாற்று வடிவங்கள் உள்ளே இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் கிளிஃப்ஸ் பேனலைத் திறந்தால் வரிசையாகத் தெரியும். ஓப்பன்டைப் வசதியில் 'கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட்ஸ்' இயங்கினால் சில ஃபான்ட்டுகள் தாமாகவே மாற்றிக்கொள்ளும். மாற்று வடிவமே இல்லாத ஃபான்ட் என்றால் எழுத்தைக் கோட்டு வடிவமாக்கி, இரண்டாவது 'த'-வின் வாலை நீங்களே இழுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்கிறாரா என்று பார்த்தே ஒரு டிசைனரை எடை போட்டுவிடலாம்.

இரண்டாவது சிக்கல், கீழே தொங்கும் குறிகள். 'ம்ரு'-வுக்கு அடியில் ஒரு கொக்கி, 'து'-வுக்கு அடியில் உகரக் குறி. தடித்த தூரிகையில் இரண்டும் கனமாகக் கீழே இறங்கும். அடுத்த வரியில் ஆங்கிலப் பெயரை நெருக்கி வைத்தால் மோதும். மேலே ஷிரோரேகா என்று மராத்தியர் சொல்லும் தலைக்கோடு சொல் முழுவதும் ஓடுகிறது. பிரஷ் பாணியில் அதை ஒரே இழுப்பாக விடலாம், அல்லது எழுத்துக்கு எழுத்து மெல்ல உடைத்து, சற்றே மேலும் கீழுமாக விடலாம். உடைத்தால் துள்ளல் வரும். அளவுக்கு மீறி உடைத்தால் சொல் சிதறும். என் வழக்கம், ஒரு சொல்லில் ஓரிடத்தில் மட்டும் உடைப்பது.

மூன்றாவது, கடைசியில் வரும் 'ல்ய'. வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இந்தியில் எழுதும் 'ல' வேறு, மராத்தியில் எழுதும் 'ல' வேறு. 'ஶ'-வும் அப்படியே. மகாராஷ்டிர அரசு 2009-இல் மராத்திக்கான எழுத்து வடிவங்களை அரசாணையாகவே வெளியிட்டது. பல ஃபான்ட்டுகளில் இரண்டு வடிவமும் இருக்கும்; ஆனால் மென்பொருளில் மொழியை மராத்தி என்று குறித்தால்தான் சரியான 'ல' வரும். குறிக்காவிட்டால் இந்தி வடிவம் வந்து உட்கார்ந்துவிடும். சதாஶிவ் பேட்டைப் பெரியவர் ஒருவர் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் 'இது மராத்தி இல்லையே' என்று சொல்லிவிடுவார். புனேக்காரர்கள் எழுத்தில் கறாரானவர்கள். வாசலில் 'புனேரி பாட்டி' என்னும் அறிவிப்புப் பலகை எழுதி வைத்து, வருகிறவனுக்கு நாலே வரியில் ஒழுங்கு கற்பிக்கிற ஊர் இது.

இதே பெயரைத் தமிழிலும் எழுதிப் பாருங்கள். மூன்று புள்ளிகள் வரும். தூரிகையைத் தொட்டு எடுக்கும் மூன்று ஒற்றல்கள், மூன்றும் ஒரே வட்டமாக இருந்தால் செத்துப்போன எழுத்தாகிவிடும். தமிழுக்கு இந்தத் துள்ளலுடன் கிடைக்கும் இலவச ஃபான்ட்டுகள் மிகக் குறைவு. இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்துப் பாணியில் நன்றாக இருக்கிறது. ஆதர்ஷ் ராஜன் பங்களித்த 'பலூ தம்பி' உருண்டு திரண்டு நட்பாகப் பேசும், ஆனால் அது தூரிகை அல்ல. அசல் தட்டைத் தூரிகையில் ஒரு தமிழ் ஃபான்ட்டை நீங்கள் செய்தால், ண, ஞ, ழ சுழிகளுக்குள் பெயிண்ட் அடைத்துக்கொள்ளாமல் செய்தால், அதற்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றே நம்புகிறேன்.

தொடக் கூடாத இடங்கள்

பிரஷ் ஃபான்ட்டுக்கு மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் வேலை இல்லை. கடைப் பெயர், மெனுவின் தலைப்பு, பாக்கெட்டின் முகப்பு, யூடியூப் தம்ப்னெயில், டி-ஷர்ட் வாசகம் ஆகியவற்றில் அது பாடும். விலை, போன் நம்பர், முகவரி, நேரம் ஆகியவற்றுக்குச் சாதா எழுத்து போதும். துள்ளும் 1, 7 இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, வாடிக்கையாளர் வேறு யாருக்கோ போன் செய்வார்.

பாக்கெட் வேலையில் இன்னும் கவனம் தேவை. உணவுப் பொருளில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் 14 இலக்க எண், சேர்மானப் பட்டியல், தயாரித்த நாள், சைவ அசைவக் குறி எல்லாம் தெளிவான எழுத்தில், சட்டம் கேட்கும் அளவில் இருக்க வேண்டும். அதற்கு 'முக்தா' போன்ற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையின் ஏக் டைப் குழு செய்தது. தேவநாகரியும் ஆங்கிலமும் ஒரே ஃபான்ட்டில் இருக்கின்றன, தமிழுக்கு 'முக்தா மலர்' இருக்கிறது. முகப்பில் தூரிகை, முதுகில் முக்தா என்று வைத்தால் சண்டை வராது. மருத்துவமனை, வங்கி, வக்கீல் அலுவலகம் இந்தப் பாணியைக் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். எலும்பு முறிந்து வருகிறவர் வாசலில் துள்ளலைத் தேட மாட்டார்.

கடைக்காரர் பெரும்பாலும் எல்லாவற்றையும் அதே ஃபான்ட்டில் போடச் சொல்வார். வாதாட வேண்டாம். இரண்டு மாதிரி அச்சடித்து எதிர்ச் சுவரில் ஒட்டி, தெருவுக்கு அந்தப் பக்கம் அவரோடு போய் நில்லுங்கள். ஓர் அங்குல உயர எழுத்து 10 அடி தூரத்துக்கு நன்றாகத் தெரியும் என்பது போர்டுத் தொழிலின் கைக்கணக்கு. லட்சுமி ரோடு போன்ற நெரிசலில் 40 அடியிலிருந்து தெரிய வேண்டுமென்றால் சாதா எழுத்துக்கு 4 அங்குலம். பிரஷ் எழுத்துக்கு நான் 6 அங்குலம் எடுப்பேன். மராத்தி எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிறியதாக இல்லை என்பதையும் மென்பொருள் காட்டும் பாயின்ட் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே 72 பாயின்ட்டில் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். டேப் பிடித்து அளந்தால்தான் உண்டு.

பட்டறைக்குப் போகும் ஃபைல்

கணினித் திரையில் கொஞ்சும் வறண்ட தூரிகை ஓரம், பட்டறையில் தலைவலி. அந்த ஓரத்தில் ஆயிரக்கணக்கான நோடுகள் இருக்கும். அக்ரிலிக் எழுத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரம் ஒவ்வொன்றிலும் திணறும், முனை உடையும். எல்இடி போர்டு என்றால் எழுத்துக் குழிக்குள் விளக்கு உட்கார இடம் வேண்டும். மெலிந்த வால் பகுதியில் விளக்கு நுழையாது, இரவில் எழுத்தின் பாதி இருட்டாகிவிடும். ஆகவே ஒரே பெயருக்கு இரண்டு வடிவம் செய்யுங்கள். வறண்ட ஓரத்துடன் ஒன்று, அச்சுக்கும் திரைக்கும். ஓரங்களை மழமழவென்று சீர் செய்து, மெலிந்த இடத்தைத் தடித்து இன்னொன்று, வெட்டுக்கு. பட்டறை மேஸ்திரியிடம் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்கிற எண்தான் கடைசி வார்த்தை.

ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் கோரல்டிரா இன்னும் கோலோச்சுகிறது. ஃபைல் கொடுக்குமுன் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக்கிவிடுங்கள். கோரலில் கண்ட்ரோல்-கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ. மாற்றாமல் கொடுத்தால் அங்கே அந்த ஃபான்ட் இல்லாமல் வேறொன்று வந்து உட்காரும். மாற்றும் முன் எழுத்துப் பிழை பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. மராத்தி தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அடோபி மென்பொருள்களில் வேர்ல்ட்-ரெடி கம்போசரை இயக்க மறந்தால் தேவநாகரியில் எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய இகரக் குறி பின்னால் போய்விடும், தமிழில் கொம்பும் காலும் இடம் மாறும்.

புனேயின் அச்சகங்களில் இன்னொரு பழைய பழக்கமும் உண்டு. இந்த ஊரின் மாடுலர் இன்ஃபோடெக் செய்த 'ஸ்ரீ-லிபி' பல ஆண்டுகளாக டிடிபி உலகின் உயிர்நாடி, தமிழ்நாட்டு அச்சகங்கள்வரை போனது. சிடாக் அமைப்பின் இந்திய மொழி மென்பொருள்களும் புனேயிலிருந்து வந்தவையே. யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டில் தட்டிய பழைய ஃபைலை யூனிகோடு ஃபான்ட்டில் திறந்தால் குப்பையாகக் கொட்டும். பாமினியில் தட்டிய கடிதத்தைத் திறந்து திகைத்த தமிழர்களுக்கு இது புதிதல்ல. மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர்களைக் கையில் வைத்திருந்தால், பழைய அச்சகம் ஒன்றில் முதல் வாரத்திலேயே உங்கள் மதிப்பு ஏறும்.

உரிமம்

வேலை போகிற அளவுக்கு ஆபத்தான இடம் இது. இணையத்தில் கிடைக்கும் பிரஷ் ஃபான்ட்டுகளில் ஏராளமானவை 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' இலவசம். கடை லோகோவுக்குப் போட்டால் அது வணிகம், பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். யாத்ரா ஒன், கலம், கவிவாணர் போன்றவை எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை. வணிக வேலையில் தாராளமாகப் போடலாம், உரிமம் சொல்லும் நிபந்தனைகளோடு மாற்றி அமைக்கலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பணம் கட்டும் ஃபான்ட் என்றால் கிளையண்ட் பெயரிலேயே வாங்கி, ரசீதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கணினிக்கு வாங்கிய உரிமம் இணையதளத்துக்கோ ஆப்புக்கோ செல்லாது என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். போர்ட்ஃபோலியோவில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே ஃபான்ட்டின் பெயர், வடிவமைத்தவர், உரிமம் மூன்றையும் ஒரு வரியில் போடுங்கள். ஃபான்ட் செய்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. நேர்முகத்தில் உங்களுக்கும் அது உதவும்.

கை பழக

ஃபான்ட்டைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டுமானால் தூரிகை பிடித்திருக்க வேண்டும். அரை அங்குலத் தட்டைத் தூரிகை, போஸ்டர் கலர், பழைய செய்தித்தாள் போதும். தினமும் அரை மணி நேரம் நேர்க்கோடு, வளைவு, பிறகு ஒரு சொல். தூரிகை எங்கே தடிக்கும், எங்கே வறளும் என்று விரல் அறிந்த பிறகு, பொய்யான பிரஷ் ஃபான்ட்டைக் கண் தானே ஒதுக்கிவிடும். போர்டு எழுதும் பெயிண்டர்கள் லாரி, டெம்போ பின்புறங்களிலும் பழைய பேட்டைகளிலும் இன்னும் வேலை செய்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஹனிஃப் குரேஷி தொடங்கிய 'ஹேண்ட்பெயின்டட் டைப்' திட்டம் இத்தகைய பெயிண்டர்களின் எழுத்துகளை அவர்கள் பெயருடனேயே ஃபான்ட்டாக்கியது. அவர் 2024-இல் மறைந்தார். கையெழுத்தை எடுத்தால் கைக்குரியவர் பெயரையும் எடுத்துவர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

முறையாகப் படிக்க விரும்பினால் விமான் நகரில் சிம்பயோசிஸ் டிசைன் கல்லூரி, லோணி காள்போரில் எம்ஐடி டிசைன் கல்லூரி, திலக் ரோட்டில் அபினவ் கலா மகாவித்யாலயா என்று புனேயிலேயே இடங்கள் உண்டு. மும்பை ஐஐடியின் ஐடிசி டிசைன் பள்ளி 2008-இல் தொடங்கிய 'டைப்போகிராஃபி டே' மாநாடு 2014-இல் சிம்பயோசிஸில் நடந்தது. எங்கு நடந்தாலும் ஒருமுறை போய்விடுங்கள். ஃபான்ட்டே செய்ய ஆசை வந்தால் இலவச மென்பொருள் ஃபான்ட்ஃபோர்ஜில் தொடங்கலாம். மேக் இருந்தால் கிளிஃப்ஸ்.

பணம், பருவம்

ஃப்ரீலான்ஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகை சொல்லாதீர்கள். பெயர் வடிவத்துக்கு ஒன்று, தேவநாகரி இணைக்கு ஒன்று, வெட்டு ஃபைலுக்கு ஒன்று, இரண்டு திருத்தத்துக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். 'மராத்தியை மட்டும் சும்மா போட்டுக் குடுங்க' என்பார்கள். அதுதான் பெரிய வேலை என்று மேலே பார்த்தோம், அதை இலவசமாகத் தராதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேலை குவியும் காலம் கணபதி பண்டிகை. 1893-இல் திலகர் பொது விழாவாக்கிய நாள் தொட்டு புனேயில் அதற்குத் தனி வேகம். வர்கணி என்னும் சந்தா வசூலுக்கு ரசீதுப் புத்தகம், விழா நடத்தும் குழுவான 'மண்டலின்' ஆண்டறிக்கை, டோல்-தாஷா மேளக் குழுவின் டி-ஷர்ட், வளைவு போர்டு என்று எல்லாவற்றுக்கும் முழங்குகிற எழுத்து வேண்டும், பெரும்பாலும் மராத்தியில் மட்டும். ஆகஸ்ட்டில் போய் நின்றால் தாமதம். ஜூனிலேயே மூன்று மாதிரி தயார் செய்து, வீட்டுக்குப் பக்கத்து மண்டலின் செயலாளரைப் பாருங்கள். பண்டிகை முடிந்த கையோடு தீபாவளிப் பலகாரப் பெட்டிகளும் திவாளி அங்க் அட்டைகளும் வரும். பாதி முன்பணம் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள், மண்டல் வேலைக்கு மீதியை விசர்ஜனத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.